அடுத்த வருஷத்துச் செயலாளருக்கு ஓர் இணையத்தளம்

சனிக்கிழமை காலை பத்து மணி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை. ஐந்து மாணவர்கள், மூன்று மடிக்கணினிகள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்குத் தளம் செய்ய வேண்டும். "அக்கா, ரியாக்ட்லயே செஞ்சிடலாமா?" என்று மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கேட்டான். ரியாக்ட் என்பது தளம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு. "செய்யலாம் லா. அடுத்த வருஷம் நீ இன்டர்ன்ஷிப் போயிட்டா யாரு பார்த்துக்குவா?" என்றேன். மற்ற நால்வரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

மாணவர்களுக்கு வழிகாட்டப் போகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். செயலவை ஆண்டுக்கொரு முறை மாறும். தளத்தைக் கட்டியவர் பட்டமளிப்பு விழாவோடு போய்விடுவார்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. முதன்முதலில் உதவிய சங்கத்தில், டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, ஒரு மாணவனின் சொந்த மின்னஞ்சலில், அவன் அப்பாவின் கடன் அட்டையில் வாங்கினோம். அவன் படிப்பை முடித்து ஜொகூருக்கு வேலைக்குப் போனான். அட்டை காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்களை யாரும் திறக்கவில்லை. ஒரு நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு மாணவியின் அம்மா கேட்டார்: "ஏம்மா, தமிழ்ச் சங்கத்துல சூதாட்டமா நடத்துறீங்க?" விட்டுப்போன பெயரை யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவள் என்று கூட இருந்தது நான்.

அதனால் முதல் சனிக்கிழமை ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள். சங்கத்தின் பெயரில் பொது மின்னஞ்சல் ஒன்று திறங்கள். டொமைன், தளம் இருக்கும் இடம், நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் எல்லாம் அதன் கீழ் வரட்டும். மீட்பு எண்ணாக ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாணவர்கள் போனாலும் அவர் இருப்பார். கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கு தொடங்கி, குறைந்தது இருவரை உரிமையாளர்களாக வையுங்கள். டொமைன் கட்டணம் பொருளாளரின் ஆண்டுக் கணக்கில் ஒரு வரியாக ஏறிவிட வேண்டும்.

எதில் கட்டுவது? வேர்ட்பிரஸ் மோசமில்லை. ஆனால் தேர்வு வாரத்தில் அதன் செருகுநிரல்களைப் புதுப்பிக்க ஆள் இருக்காது, அப்படியே விட்டால் கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போன கதைதான். நாங்கள் ஹியூகோ என்ற மென்பொருளில் நிலையான பக்கங்களாகச் செய்து, கிட்ஹப்பின் தளச் சேவையான கிட்ஹப் பேஜஸில் வைத்தோம். செலவில்லை. தளம் 1 ஜிபிக்குள் அடங்க வேண்டும், ஆகவே பொங்கல் விழாப் படங்களை மொத்தமாகக் கொட்டாமல் ஆல்பத்துக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள். நிரல் தெரியாத செயலாளர்கூட உலாவியில் பென்சில் சின்னத்தை அழுத்தி, அறிவிப்பை எழுதி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் தளத்தில் வந்துவிடும். ரியாக்ட் தம்பிக்கு வருத்தம்தான். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தளத்தில் காட்டும் நிகழ்ச்சி அட்டைகளை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் எழுது என்று கொடுத்தேன்.

பருவம் 14 வாரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது எட்டு, அதுவும் இடைத்தேர்வு போக. வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிகிற துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். எல்லாருக்கும் முதல் துண்டு ஒன்றுதான்: செயலவைப் பக்கத்தில் தன் பெயரைச் சேர்த்து, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு தளத்தில் ஏற்றுவது. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாதது அந்த ஒரு பெயரில் ஏறிவிடும்.

எனக்குக் கஷ்டமானது, விசைப்பலகையைத் தொடாமல் இருப்பது. பத்து நிமிடத்தில் நான் முடிக்கிறதை அவர்கள் ஒரு மணி நேரம் தடவுவார்கள், கை பரபரக்கும். கீழே மாமாக் கடையில் தே ஐஸ் புங்குஸ் (பையில் கட்டித் தரும் ஐஸ் தேநீர்) வாங்கி வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஈரப் பையோடு யார் மடிக்கணினியைத் தொட முடியும்?

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. தம்பியின் நிகழ்ச்சி அட்டை, தலைப்பை 20 எழுத்தோடு வெட்டும். "மாணவர்களின் முத்தமிழ் விழா" என்று போட்டால் திரையில் "மாணவர்களின் முத்தமிழ" என்று வந்தது. புள்ளியைக் காணோம். எழுத்துருவைக் குற்றம் சொன்னான், பிறகு உலாவியை. நான் வாய் திறக்கவில்லை. கூட இருந்த தங்கச்சி 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்த்தாள்: 5 என்றது. நமக்கு மூன்று எழுத்து. கணினிகளின் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கத்தி ழ-வுக்கும் புள்ளிக்கும் நடுவே விழுந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் Intl.Segmenter என்ற கருவியைக் காட்டினேன், அது முழு எழுத்தாக எண்ணும். நானே முதலில் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் மறந்திருப்பார்கள்.

வரி இடைவெளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருக்களில் 1.2 என்று இருந்தால் மேல் வரியின் உகரக் கொக்கி கீழ் வரியின் இகரத்தை இடிக்கும். 1.6 வைத்தோம். சங்கத்தின் பழைய மலர்கள் டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துக் குறிமுறைகளில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பையாக வரும். 2001இல் இதே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது இவர்களில் யாரும் பிறக்கவில்லை, அந்தக் காலத்துச் சிக்கல் மட்டும் இவர்கள் மடியில்.

பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருந்தார்கள், "எல்லா பாரத்துலயும் இருக்கேக்கா" என்று. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். முத்தமிழ் விழாவுக்கு அது எதற்கு? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, நமக்குப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். வாங்காத எண் கசியாது. எடுக்கச் சொன்னேன்.

கடைசிச் சனிக்கிழமை, தளத்தை முன்பின் பார்க்காத முதலாண்டு மாணவி ஒருத்தியைக் கூட்டி வாருங்கள். கையில் இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் கொடுத்து, ஓர் அறிவிப்பை ஏற்றச் சொல்லுங்கள். கட்டியவர்கள் பின்னால் நிற்கலாம், பேசக் கூடாது. எங்கள் மாணவி எழுத்தை நாலே நிமிடத்தில் ஏற்றிவிட்டாள், படத்தில் மாட்டிக்கொண்டாள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் 6 எம்பி. குறிப்பில் அளவைக் குறைப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரியாக்ட் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவள் போனதும் குறிப்பை எடுத்து மூன்றாவது வரியைத் திருத்த உட்கார்ந்தான்.