காவிரியைத் திரையில் அளப்போம்: கூகுள் எர்த் கொண்டு ஒரு புவியியல் பாடம்

ஆறுகளைப் பற்றிய பாடத்தைச் சுவர் வரைபடத்தில் நடத்தும்போது, காவிரி என்பது மாணவருக்கு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒரு நீலக் கோடாகவே நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டை மாணவர்களே அளந்து பார்க்கும்படி செய்வதற்குக் கணினி ஒன்று, இணைய இணைப்பு, வரைபடத்தாள் ஆகியவை இருந்தால் போதும்.

முதல் படியாக, கணினியைத் திறக்கும் முன்பே தலைக்காவேரி முதல் பூம்புகார் வரை ஆறு எப்படிச் செல்லும் என்று நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். தவறாக வரைந்த அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் ஒப்பிடுவதற்குத் தேவைப்படும்.

அடுத்து உலாவியில் கூகுள் எர்த்தைத் திறந்து, முதல் ஐந்து நிமிடத்தை மாணவர்களுக்கே விட்டுவிடுங்கள். நான் முதன்முறை இதை நடத்தியபோது நேராகத் தலைக்காவேரிக்குப் போக முயன்றேன். வகுப்பு முழுவதும் தத்தம் வீட்டுக் கூரையைத் தேடுவதிலேயே பாடவேளை தீர்ந்துவிட்டது. அந்த ஆசையை முதலிலேயே தீர்த்துவைப்பதுதான் நல்லது.

மூன்றாவதாக, தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை இட்டு, தலைக்காவேரி, ஒகேனக்கல், மேட்டூர் அணை, பவானி கூடுதுறை, முக்கொம்பு, கல்லணை, பூம்புகார் ஆகிய ஏழு இடங்களிலும் அடையாளக் குறி வைத்து, ஒரே திட்டக் கோப்பில் சேமியுங்கள்.

நான்காவது படிதான் பாடத்தின் உயிர். அளவுகோல் குறியைச் சொடுக்கி, ஆற்றின் நடுவே புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போனால் நீளம் திரையில் கூடிக்கொண்டே வரும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒகேனக்கல்லுக்கும் மேட்டூர் அணைக்கும் இடைப்பட்ட பகுதியை ஒரு குழு பத்தே புள்ளிகளிலும், மற்றொரு குழு வளைவுக்கு வளைவு புள்ளி வைத்தும் அளக்கட்டும். அதே ஆறுதான், ஆனாலும் இரண்டாவது குழுவின் விடை நீளமாக இருக்கும். ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம்; இரு கோடுகளையும் பெரிதாக்கிக் காட்டினால், முதல் கோடு வளைவுகளைத் தாண்டிக் கரைமேல் குறுக்கே ஓடுவதை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள். காவிரியின் நீளம் 800 கி.மீ. என்றும், அதில் கர்நாடகத்தில் 320, இரு மாநில எல்லையாக 64, தமிழ்நாட்டில் 416 என்றும் சொல்லப்படும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

ஐந்தாவதாக உயரம். சுட்டியை ஓர் இடத்தின்மேல் வைத்தால் திரையின் அடியில் எண்கள் தெரியும். கேமரா என்ற சொல்லோடு வருவது நாம் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைக் குறிக்கும்; அட்சரேகை, தீர்க்கரேகையை ஒட்டி வருவதுதான் அந்த நிலத்தின் உயரம். புதியவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால், பெரிதாக்கும்போது மாறுவது எது, மாறாதது எது என்று ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். பிறகு ஏழு இடங்களின் உயரத்தையும் வரைபடத்தாளில் குறித்து இணைத்தால், 1,200 மீட்டருக்கும் மேலே தொடங்கும் கோடு மேட்டூருக்குள் செங்குத்தாய் இறங்கி, முக்கொம்புக்குப் பின் தரையோடு தரையாகப் படுத்துவிடும். வேகம் குறைந்த ஆறு வண்டலைப் படியவிட்டுக் கிளை பிரிவதை அந்தக் கோட்டைக் காட்டியே விளக்கலாம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், இரு கிளைகளும் கல்லணை அருகே மீண்டும் நெருங்குவதையும், இடையில் திருவரங்கம் தீவாக நிற்பதையும் திரையில் பார்த்துவிட்டால் டெல்டா என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கடைசிப் படிக்கு, கணினியில் நிறுவிக்கொள்ளும் கூகுள் எர்த் புரோ வசதியானது; 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கடிகாரக் குறியைச் சொடுக்கினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் தேதியோடு வரும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடியைப் பெரிதாக்கி, கரையோரம் அகன்றும் சுருங்கியும் இருப்பதைத் தேதிவாரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நீர் வற்றும் காலத்தில் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் அங்கே வெளியே தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் தேடுதல் சூடுபிடிக்கும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அன்றன்றைய நீர்மட்டம் நாளிதழில் வருவதால், அதை ஒரு மாதம் குறித்துவருவதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம்.