அலுவலக மேசையில் செடி வளர்ப்பது எப்படி? (மூன்றைச் சாகடித்தவன் சொல்கிறேன்)

என் மேசையில் இப்போது ஒரு இசட்இசட் (ZZ plant) செடியும் ஒரு மணி பிளான்ட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒன்றரை வயது. இவற்றுக்கு முன் அதே இடத்தில் மூன்று செடிகள் செத்தன. மூன்றும் தண்ணீரில் அழுகித்தான் செத்தன, காய்ந்து அல்ல. இந்தப் பதிவின் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயம். "செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும், ஆக்சிஜன் கொட்டும்" என்று நம்பி வாங்காதீர்கள். காற்று சுத்தமாகும் என்ற பேச்சுக்கு மூலம் 1989-இல் வந்த நாசா ஆய்வு. அவர்கள் சோதித்தது காற்றுப் புகாத சிறிய பெட்டிகளில். நம் அறைக்குக் கதவும் ஜன்னலும் உண்டு. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 1000 செடிகள் வேண்டுமாம். ஜன்னலைத் திறப்பது சுலபம்.

அப்புறம் எதற்குச் செடி? கண்ணுக்கு. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அது வெளியே நின்ற மரம், மேசைத் தொட்டி அல்ல. அதனால் அளவுக்கு மீறி இழுக்க மாட்டேன். ஆனால் நாலு மணிக்குத் திரையிலிருந்து தலையைத் தூக்கும்போது, நேற்று சுருண்டிருந்த இலை இன்று பாதி விரிந்திருந்தால், எனக்கு அது போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: வெளிச்சம் பார்ப்பது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் மங்கலாகவாவது விழுந்தால் போதும். நிழலே விழவில்லையா? அங்கே எந்தச் செடியும் நெடுநாள் தாங்காது. ஜன்னலோரத்தில் ஒன்று, மேசையில் ஒன்று என்று இரண்டு வைத்து வாரம் ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: செடி. இசட்இசட், பாம்புச் செடி, மணி பிளான்ட். இந்த மூன்றைத் தாண்டி முதல் வருடம் எதையும் தொடாதீர்கள். இசட்இசட் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினேன், அதற்கு நான் போனதே தெரியவில்லை.

படி 3: மண். செம்மண், கோகோ பீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் சம அளவு; கூடவே ஒரு கைப்பிடி ஆற்று மணல். கோகோ பீட் கட்டியை ஊற வைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அதில் உப்பு இருக்கும்.

படி 4: தண்ணீர். நான் விழுந்த குழி இதுதான்.

என் மூன்றாவது செடி மணி பிளான்ட். அழகான வெள்ளை செராமிக் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. உள்ளே நர்சரியின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. தண்ணீர் விட்டேன். மறுநாள் இன்னும் தொங்கியது. இன்னும் விட்டேன். வெள்ளிக்கிழமை உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், சாக்கடை வாடை. வேரைத் தொட்டதும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். வேருக்கும் காற்று வேண்டும். தண்ணீரிலேயே நின்றால் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலை தாகத்தில் வாடுவது போலவே வாடும். நாம் இரக்கப்பட்டு இன்னும் ஊற்றுவோம்.

இதில் இன்னொரு கை வேறு இருந்தது. ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டேன். "வாடிக் கெடக்கேன்னு தெனமும் ஒரு டம்ளர் ஊத்துனேன் தம்பி" என்றார். இருவரும் பாசத்தாலேயே கொன்றிருக்கிறோம். இப்போது தொட்டியில் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது.

ஆகவே கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சியை மண்ணுக்குள் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈர மண் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். உலர்ந்து வந்தால், உள்தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்றி, சொட்டு நின்ற பிறகு திரும்ப வையுங்கள். என் ஏசி அறையில் மணி பிளான்ட்டுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை, இசட்இசட்டுக்கு மாதம் ஒருமுறை வருகிறது. ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். காய்ந்த மண்ணிலும் ஈரம் என்றது. ஊதுபத்திக் குச்சியே மேல்.

படி 5: மாதம் ஒருமுறை ஈரத் துணியால் இலைத் தூசியைத் துடையுங்கள். இலைக்குப் பளபளப்பு ஸ்பிரே எல்லாம் வீண் செலவு.

பின்சேர்க்கை 1: வீட்டில் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றியதும் இலை நுனி கருகியதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேரும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான்.

பின்சேர்க்கை 3: பூனை இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் சொன்ன மூன்றுமே பூனை மென்றால் ஆகாதவை. ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள். பூனை அதைக் கடித்துக் குதறும், ஆனால் நஞ்சு கிடையாது.