ஈஸ்ட் புரதத்தில் ஒட்டிய பெப்டைடை (சிறு அமினோ அமிலச் சங்கிலியை) கணினியில் அசைய விட்டுப் பார்ப்பது எப்படி?

ரொட்டி ஈஸ்டில் ஏபிபி1 என்றொரு புரதம் உண்டு. ஆக்டின் இழைகளோடு சேர்ந்து வேலை செய்வது. அதன் வால்பக்கம் இருக்கும் எஸ்எச்3 என்ற சிறு பிணைப்புப் பகுதியில், ஆர்க்1 கைனேஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் புரதத்திலிருந்து எடுத்த 17 அமினோ அமிலப் பெப்டைடு வந்து ஒட்டும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ முதுகலை புராஜெக்ட் செய்பவருக்கு இது தோதான ஜோடி. சிறியது, கட்டமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு கேமிங் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) போதும்.

புரதக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் 2ஆர்பிஎன் கோப்பை இறக்குங்கள். என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) முறையில் எடுத்த கட்டமைப்பு என்பதால் ஒரே கோப்பில் பல மாதிரிகள் இருக்கும். முதல் மாதிரியை மட்டும் தனியே எடுங்கள். அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருளான குரோமாக்ஸில் கொடுத்ததும் "அணுப் பெயர் பொருந்தவில்லை" என்று நின்றால் பதற வேண்டாம். கோப்பிலுள்ள ஹைட்ரஜன் பெயர்களும் விசைப்புலத்தின் (அணுக்களுக்கிடையே உள்ள விசைகளைக் கணக்கிடும் விதித்தொகுப்பின்) பெயர்களும் வேறு வேறு. பழைய ஹைட்ரஜன்களை விட்டுவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெப்டைடில் ஒரு ஹிஸ்டிடின் இருக்கிறது; அதன் வளையத்தில் ஹைட்ரஜனை எங்கே வைத்து, எந்த வடிவம் போட்டது என்று அந்தத் திரையிலேயே பார்த்துவிடுங்கள்.

புரதத்தைத் தண்ணீரோடு வைக்கும் பெட்டிக்குப் பன்னிருமுக வடிவம் எடுத்தால் கனசதுரத்தைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் தண்ணீர் மிச்சம். சுவருக்கு 1.0 நானோமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். கணினி அதே பெட்டியைச் சுற்றிலும் திரும்பத் திரும்ப அடுக்கிக் கணக்கிடுகிறது. பெப்டைடு நீளமாகக் கிடப்பதால், இதில் கஞ்சத்தனம் செய்தால் அதன் நுனி பக்கத்துப் பெட்டியில் உள்ள தன் பிரதியையே தொட்டுவிடும். உப்பு 0.15 மோலார். அதைத் தவிர்க்காதீர்கள்: பெப்டைடில் ஆறு லைசின், எதிரே அமிலத்தன்மை மிகுந்த புரதம். உப்பில்லாத தண்ணீரில் பிணைப்பு உள்ளதைவிட இறுக்கமாகத் தெரியும்.

ஆற்றல் குறைப்பு, பிறகு 100 பிகோவினாடி வெப்பநிலைச் சமநிலை, இன்னொரு 100 அழுத்தச் சமநிலை. ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கட்டுப்படுத்தினால் ஒவ்வொரு கணக்கிலும் 2 ஃபெம்டோவினாடி நேர அடி எடுத்து வைக்கலாம். ஒரே ஓட்டமாக 600 நானோவினாடி ஓட்டுவதைவிட, வெவ்வேறு தொடக்க வேகங்களோடு 200 வீதம் மூன்று ஓட்டங்கள் நல்லது. மூன்றிலும் வருவதைத்தான் நம்பலாம்.

துணை மின் நிலையப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளுக்கு முந்தைய இரவே ஓட்டத்தை முறையாக நிறுத்திவிடுங்கள். திடீர்த் தடைக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் நிலைக்கோப்பை (செக்பாயிண்ட்) எழுதும் இடைவெளியை 15 நிமிடத்திலிருந்து 5 ஆகக் குறையுங்கள். எழுதும் நொடியில் மின்சாரம் போய்க் கோப்பு கெட்டால், முந்தைய நிலைக்கோப்பு பக்கத்திலேயே இருக்கும், அதிலிருந்து தொடரலாம். சித்திரை வெயிலில் கேபினெட் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைப்பது அழகாக இருக்காது, ஆனால் ஜிபியு வேகம் குறையாது.

அலசலில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வரைபடத்தில் பெப்டைடு சட்டென்று பல நானோமீட்டர் தாண்டினால் அது பிரிந்துபோகவில்லை. பெட்டிச் சுவரைக் கடந்து மறுபக்கம் நுழைந்திருக்கிறது. முதலில் மூலக்கூறுகளை முழுமையாக்கி, இரண்டையும் ஒரே கொத்தாகச் சேர்த்துவிட்டு அளவிடுங்கள். அடுத்தது பொருத்தம், அதாவது ஒவ்வொரு காட்சியையும் தொடக்கக் கட்டமைப்பின் மேல் வைத்துப் பார்ப்பது. பெப்டைடைப் பெப்டைடின் மேலேயே பொருத்தினால் அது இடம் நகர்ந்தது தெரியாது. புரதத்தின் முதுகெலும்பைப் பொருத்தி, பெப்டைடின் விலகலை அளக்க வேண்டும்.

அந்த விலகல் எண்ணும் தனியே போதாது. நாற்றின் நுனி காற்றில் ஆடுகிறது என்பதற்காக வேர் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. முனையிலுள்ள லைசின்கள் ஆடித்தான் தீரும். பார்க்க வேண்டியவை: பெப்டைடின் 5 முதல் 8 வரையுள்ள புரோலின் பகுதி புரதத்தின் அரோமாட்டிக் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கிறதா, 10ஆம் லைசின் புரதத்தின் ஆர்டி வளையம் என்ற கண்ணியிலுள்ள அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்களை 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் பிடித்திருக்கிறதா, 14ஆம் லியூசின் தொடர்பை இழக்கிறதா. இந்த லியூசினை விட்டுவிட்டுப் புரோலினை மட்டும் எழுதுவது வழக்கமான தவறு. இந்தப் பெப்டைடின் பிடிமானம் புரோலின் பகுதியோடு நின்றுவிடுவதில்லை.

பிரியும் வேகத்தை மட்டும் இந்த ஓட்டத்திலிருந்து சொல்லாதீர்கள். அது மில்லிவினாடிக் கணக்கு; ஒரு மில்லிவினாடியில் உங்கள் 200 நானோவினாடி ஐயாயிரத்தில் ஒரு பங்கு. 2008இல் டொரன்டோவில் லூயிஸ் கே குழுவினர் இதே ஜோடியை வைத்துத்தான், கொஞ்சமே பெப்டைடு சேர்த்து, என்எம்ஆரில் நேரடியாகத் தெரியாத பிணைந்த நிலையின் கட்டமைப்பை எடுத்தார்கள். வேகம் வேண்டுமென்றால் அந்த வகைத் தளர்வுச் சிதறல் (ரிலாக்சேஷன் டிஸ்பெர்ஷன்) என்எம்ஆர் சோதனைதான் வழி.