நாலு வீட்டுப் பசங்களுக்கு ஒரே கார்டு பெட்டி போதும், எப்படின்னு சொல்றேன்

நம்ம சேலத்துல அம்மாபேட்டையோ ஃபேர்லேண்ட்ஸோ, லீவு விட்டா பசங்க கையில போகிமான் கார்டுதான். நல்ல விளையாட்டுதாங்க, படிக்கணும், கூட்டிக் கழிக்கணும், யோசிக்கணும். ஆனா எந்த வீட்டுல அதிகமா வாங்கித் தர்றாங்களோ அந்தப் பையன்தான் ஜெயிப்பான்னு ஆயிடுது பாருங்க, அதை மாத்த முடியும்.

மொதல்ல பேக்கெட் வாங்குறத நிறுத்துங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாம காசு குடுக்குறோம், நல்ல கார்டு வரலன்னா பையன் அடுத்ததக் கேப்பான், அதுக்கு முடிவே கிடையாது. அப்படியே பிரிச்சு ஆடுற மாதிரி 60 கார்டு டெக், அதாவது ஒரு ஆள் ஆடறதுக்கான முழு சீட்டுக்கட்டு, விக்கிது, அதுல மூணு வாங்கி நாலு வீடும் காசைப் பங்கு போட்டுக்கோங்க. கடைவீதில தொங்குற தங்கக் கலர் பிளாஸ்டிக் கார்டு வேணவே வேணாம், அதுல நம்பரெல்லாம் இஷ்டத்துக்குப் போட்டிருப்பான், வச்சு ஆடவே முடியாது.

இப்ப மூணு டெக்கையும் பசங்ககிட்ட கெடக்குற பழைய கார்டையும் ஒரே பெட்டில கொட்டுங்க. போகிமான் தாக்கறதுக்கு சக்தி குடுக்கற எனர்ஜி கார்டெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டு, மீதியில 120 கார்டு பொறுக்குங்க. ரெண்டு தடவை எவால்வ் ஆகுற, அதாவது ஒரு கார்டு மேல அடுத்த கார்டை வச்சு வளர்ற போகிமானைக் கொறைச்சிட்டு, நேரா எறக்கி ஆடுற பேசிக் கார்டை நெறைய வைங்க, இல்லன்னா மேல் கார்டு ஒருத்தன்கிட்டயும் கீழ் கார்டு இன்னொருத்தன்கிட்டயும் மாட்டிக்கும், ரெண்டு பேருக்கும் பிரயோஜனமில்ல. நல்லாக் கலைச்சு பத்துப் பத்தா கட்டுங்க, ஆளுக்கு மூணு கட்டு. ஒரு கட்டைப் பிரிச்சு ஒன்னை எடுத்துக்கிட்டு மீதிய இடது பக்கம் இருக்கறவன்கிட்ட குடுக்கணும், தீர்ற வரைக்கும் இப்படியே சுத்தும். கடைசில ஆளுக்கு 30 கார்டு சேரும், அதுல 26 எடுத்து எனர்ஜி 14 சேத்தா 40 கார்டு டெக் ரெடி. எதிராளி போகிமானைத் தோக்கடிச்சா எடுத்துக்கறதுக்குன்னு ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே ஒதுக்கி வைக்கற பரிசு கார்டு, சின்ன டெக்குங்கறதால ஆறுக்கு பதிலா நாலு வச்சா போதும். எல்லாரும் ஒரே பெட்டிலேர்ந்துதான் எடுக்கறாங்க, அப்பறம் அப்பா சம்பளத்துக்கும் ஜெயிக்கறதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

ஏதாவது கார்டு கம்மியா இருந்தா ஜெராக்ஸ் போட்டுக்கலாம். கார்டு அளவு 63க்கு 88 மில்லிமீட்டர், ஒரு ஏ4 தாள்ல ஒம்போது அடங்கும், கறுப்பு வெள்ளையே போதும். வெட்டி, உபயோகமில்லாத கார்டு மேல வச்சு, பின்பக்கம் தெரியாத உறையில சொருகிடுங்க. வீட்டுல ஆடறதுக்கு மட்டும்தான் இது, போட்டிக்குக் கொண்டு போகவோ மாத்திக்கவோ விக்கவோ கூடாதுன்னு பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.

ஜெயிச்சவன் தோத்தவன் கார்டை எடுத்துக்கறது அறவே கூடாது. 1993ல 'மேஜிக்: தி கேதரிங்'னு இதே மாதிரி ஒரு கார்டு கேம் வந்தப்ப அப்படி ஒரு ரூல் இருந்துச்சு, அப்பறம் அவங்களே விட்டுட்டாங்க. சொந்தக் கார்டை மாத்திக்கிட்டா ஒரு நாள் டைம் குடுங்க, மனசு மாறுனா திருப்பி வாங்கிக்கலாம், எட்டாவது படிக்கற அண்ணன் ரெண்டாவது படிக்கற வாண்டை ஏமாத்தறது இதுலதான் நடக்குது.

ஏற்காட்டுக்குப் போறப்ப பெட்டிய எடுத்துட்டுப் போறவங்க பளபளா கார்டை மட்டும் வீட்டுலயே வச்சிட்டுப் போங்க, அந்த ஈரக்காத்துல அது வளைஞ்சிரும், அப்பறம் கட்டுல எது எங்க இருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.