கும்பகோணம் பக்கம் குடும்பத்தோடு: நாமே கெடுத்துக்கொள்ளும் விடுமுறை

அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஊர்ப் பட்டியல் வந்து விழுந்துவிடும். "தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், அப்படியே நவக்கிரகம் ஒன்பதும் முடிச்சிடலாம்" என்று சித்தப்பா போடுவார். ஆளாளுக்கு ஒரு கட்டைவிரல் போடுவார்கள். பாட்டியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கு முட்டிவலி. அந்தக் குழுவிலும் அவர் இல்லை.

பயணம் கெடுவது இங்கேதான். குடும்பத்தில் யார் மெல்ல நடக்கிறாரோ அவருடைய நடைக்குத்தான் நாளைத் திட்டமிட வேண்டும். நாமோ வண்டியின் வேகத்துக்குத் திட்டமிடுகிறோம்.

நவக்கிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாறு பக்கம். கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளம் பூம்புகார் பக்கம். சனீஸ்வரனுக்குத் திருநள்ளாறு, அது காரைக்காலில். ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வேண்டுதல் என்றால் சரி, ஓட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு விடுமுறை என்று கிளம்பிவிட்டு இப்படி ஓடினால் அவர்களுக்கு மிஞ்சுவது வேன் ஜன்னலும் விபூதிப் பொட்டலமும்தான். அரை நாளைக்கு ஒரு பெரிய இடம், அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு.

அப்படி என்ன பட்டோம் என்றால், முதல் தடவை போனபோது பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு கோயில் வாசலில் போய் இறங்கினோம். கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சென்னையிலேயே இருந்துவிட்ட எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மூன்று மணி நேரம் வேனுக்குள் பதினோரு பேர். கடைக்குட்டி அழ, அண்ணனும் அண்ணியும் யாரால் தாமதம் என்று ஆரம்பிக்க, பாட்டி மட்டும் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மதிய இடைவெளியை எதிரியாகப் பார்க்காமல் அதன்படியே நாளை அமைத்துக்கொண்டால் பயணமே மாறிவிடும். மார்கழியில் கோயில்கள் விடியலுக்கு முன்பே திறந்துவிடும். பனியோடு போனால் கூட்டம் குறைவு, கல்தரை குளிர்ச்சி, தொன்னையில் சூடாக வெண்பொங்கல் கிடைத்தாலும் கிடைக்கும். பத்து மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, எல்லாரும் ஒரு தூக்கம் போடலாம். விடுமுறையில் பகல் தூக்கம் போடாமல் வேறு எப்போது போடுவது? நாலு மணிக்கு மேல் தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அந்த விமானம் இருநூறு அடிக்கும் மேல் உயரம். சாயங்கால வெயில் விழும்போது அதன் நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பாட்டிக்கும் இது தோது.

பிள்ளைகளை நிற்க வைத்து வரலாற்றுப் பாடம் எடுப்பது இன்னொரு தவறு. ராஜேந்திரன் எந்த ஆண்டு பட்டம் ஏறினான் என்று அப்பா தொடங்கியதும் முகங்கள் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். தாராசுரத்தில் ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொதுவாக அமைந்த சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்க உடலை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. "அது எங்கே இருக்கு, கண்டுபிடிங்க" என்று அனுப்பிவிடுங்கள். சக்கரம் வைத்த கல் தேர் மண்டபம், குதிரை எல்லாம் அவர்களே பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்வார்கள்.

வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பயண நாளில் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. சுத்தமான கழிப்பறை எங்கே வரும் என்று தெரியாது என்பதுதான் காரணம். மாலையில் தலைவலி, எரிச்சல். "சந்தோஷமா இருக்கவே தெரியாது உனக்கு" என்று பேச்சு வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, யாரும் கேட்காமலேயே, நல்ல ஹோட்டலாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். காபி ஒரு சாக்காக இருக்கட்டும். டிகிரி காபிக்குப் பேர்போன ஊருக்குத்தானே போகிறீர்கள்.

சாப்பாடும் அப்படித்தான். பதினோரு பேருக்கு இட்லியும் புளியோதரையும் கட்ட அம்மா மூன்று மணிக்கே எழுந்தால் அது யாருக்கு விடுமுறை? காலைப் பலகாரம் வெளியில் வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு) கிடைத்தால் விடாதீர்கள். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டத்தான் வேண்டும் என்றால் முந்தின இரவே ஆண்களும் கை கொடுக்கட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஆறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள் என்பதால் இந்த விடுமுறையில் காவிரியில் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். கரையில் நின்று பார்க்க முழங்கால் ஆழம்போல இருக்கும். அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கல்லணையிலும் சரி, ஏதோ ஒரு கிராமத்துப் படித்துறையிலும் சரி, உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "நாங்க சின்ன வயசுல குதிச்ச ஆறு" என்று மாமா எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

ரயிலில் போவதாக இருந்தால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கை மனதில் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிய நாட்களுக்கு, திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

திரும்பும் நாளை ஞாயிறு மாலைக்கு வைக்காதீர்கள். தென் மாவட்டத்துக் கார்கள் மொத்தமும் அன்றைக்குத்தான் செங்கல்பட்டுப் பக்கம் பரனூர் சுங்கச்சாவடியில் சேரும். நாங்கள் இப்போது சனிக்கிழமையே வந்துவிடுகிறோம். ஞாயிறு முழுக்கத் துணி காய்கிறது, எழுதாமல் விட்ட வீட்டுப்பாடம் நடக்கிறது. பாட்டி கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு, தாராசுரத்து யானையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று பேரனோடு சண்டை போடுகிறார்.