முட்டி வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் இடுப்பையும் பாருங்கள்

என் மகனுக்கு அப்போது 12 வயது, எடை 68 கிலோ. "அம்மா, முட்டி வலிக்குதும்மா" என்றான். ஏற்காட்டில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போய்வர நூறு படியாவது ஏறி இறங்க வேண்டும், அதனால்தான் வலி என்று தைலம் தேய்த்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் காட்டிய இடத்தில் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வளர்கிற வயது, சரியாகிவிடும் என்றார்கள். அப்புறம் எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடமும் கூட்டிப் போனேன். அவர் காலை இழுத்து முறுக்கியபோது பிள்ளை அலறினான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவனுடைய பள்ளி ஷூவைக் கழுவும்போதுதான் கவனித்தேன். இடது ஷூ நன்றாக இருந்தது. வலது ஷூவின் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அன்று மாலை அவன் கடைக்கு நடந்து போவதைப் பின்னால் நின்று பார்த்தேன். வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, லேசாக நொண்டினான். மறுநாளே சேலத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் முட்டியைத் தொடவே இல்லை. அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மெதுவாக மடக்கினார். முட்டி நெஞ்சுக்கு நேராக வராமல் தானாக வெளியே விலகிப் போயிற்று. "வலி முட்டியிலதாம்மா, நோய் இடுப்புல" என்றார்.

தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தலைக்கும் எலும்பின் கழுத்துக்கும் நடுவே மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கும். சும்மாடு நழுவினால் குடம் பின்னால் சாய்கிறதே, அப்படித்தான் இந்தத் தட்டு பலவீனமாகும்போது எலும்பின் தலை பின்னுக்கு நழுவுகிறது. டாக்டர்கள் இதை எஸ்.சி.எஃப்.இ. என்பார்கள். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பே தொடையின் உட்பக்கத்துக்கும் முட்டிக்கும் கிளை விடுகிறது. அதனால்தான் வலி முட்டியில் தெரிகிறது.

பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள் வரும். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு அதிகம், எடை கூடிய பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஒல்லியான பிள்ளைக்கோ பத்து வயதுக்குக் கீழோ வந்தால் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன், சிறுநீரகம் ஆகியவற்றையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். தட்டிக்கழிக்காமல் செய்துவிடுங்கள்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது நடையையும் வலியையும் மட்டும்தான். நொண்டுகிறானா, பாதம் வெளியே திரும்புகிறதா, தொடை இடுக்கிலோ தொடையிலோ முட்டியிலோ வலி வாரக்கணக்கில் நீடிக்கிறதா என்று பாருங்கள். காலை நீங்களாக மடக்கிச் சோதிக்க வேண்டாம். நீவவோ கட்டுப் போடவோ கூடாது. சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் காலை ஊன்றவே விடாதீர்கள். டாக்டரிடம் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். நேராக ஒன்று, தவளை மாதிரி காலை விரித்து ஒன்று எடுப்பார்கள்.

கைத்தாங்கலாகக்கூடக் கால் ஊன்ற முடியவில்லை என்றால் அது அவசரம், 108-ஐ அழையுங்கள். எலும்பின் தலைக்குப் போகிற ரத்தம் தடைபட்டு, தலை செத்துப்போகிற ஆபத்து அப்போதுதான் மிக அதிகம். அந்த நிலையில் தவளை எக்ஸ்ரேவுக்காகக் காலை வலுக்கட்டாயமாக விரிக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒன்று: 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்காமல் பிள்ளையைப் படுக்க வைத்தே கொண்டு போங்கள்.

சிகிச்சை அறுவை சிகிச்சைதான். மாத்திரையோ உடற்பயிற்சியோ நழுவலை நிறுத்தாது. என் மகனுக்குச் சின்னத் துளை வழியாக ஒரே ஒரு திருகாணி போட்டார்கள். நழுவியதை இழுத்துப் பழைய இடத்தில் வைக்கவில்லை, இருந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். அதிகம் நழுவியிருந்தால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நாள் கடத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய்ச் செல்லுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

பிறகு ஆறு வாரம் அக்குள் கட்டையோடு நடந்தான். எங்கள் ஊர்ப் பனியில் படி எப்போதும் ஈரம்தான், கட்டையின் ரப்பர் தேய்ந்தால் வழுக்கும். அதை வாரம் ஒருமுறை பார்த்து மாற்றினேன். குத்தவைத்து உட்காரக் கூடாது என்றதால் கழிப்பறையில் நடுவே ஓட்டை போட்ட நாற்காலி வைத்தோம். தலைமை ஆசிரியரிடம் கடிதம் கொடுத்ததும் அவனுடைய வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்தார். எடையைச் சொல்லி அவனை யாரும் குத்திக்காட்டாமல் பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டை வீட்டில் எல்லோருக்குமே மாற்றினேன்.

ஒரு பக்கம் நழுவிய பிள்ளைகளில் பலருக்கு மறுபக்கமும் நழுவும். சிலருக்கு முன்கூட்டியே அங்கேயும் திருகாணி போடுவார்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் மகனுக்குப் போடவில்லை. அதனால் வளர்ச்சி முடிகிறவரை சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுக்கிறோம். போன மாதம் இடது தொடை வலிக்கிறது என்றான். தைலத்தை எடுக்கவில்லை. நடக்கவிடாமல் காரில் ஏற்றி அன்றைக்கே சேலம் போனோம். எக்ஸ்ரேயில் நழுவல் இல்லை. அடுத்ததை மூன்று மாதத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.