சதுர அடி கணக்கில் பத்து நாள் போச்சு

முகவர் மூலம் பார்த்த வீட்டுக்குக் கடன் நகரவே இல்லை. கேட்கும் விலைக்கு மதிப்பு வரவில்லை என்று வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். இன்னொரு வங்கியிலும் அதே பதில். முகவரோ, "அவங்க எப்பவும் குறைச்சுத்தான் போடுவாங்க சார்" என்றார். வில்லங்கம் ஏதாவது இருக்குமோ என்று வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டினேன், சுத்தமாக இருந்தது.

கடைசியில் டேப்பை எடுத்துக்கொண்டு நானே அறை அறையாக அளந்தேன். விளம்பரத்தில் 1,200 சதுர அடி. சுவருக்குள் இருந்தது 870. மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கு, சுவர்களின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் 1,200. அதுகூடப் பரவாயில்லை. முகவர் ஒப்பிட்டுக் காட்டிய தாளில் பக்கத்து வீடுகளுக்குப் போட்டிருந்தது வெறும் உள்ளளவு! அந்தச் சின்ன அளவால் வகுத்ததால் கூடுதலாக வந்த சதுர அடி விலையை எடுத்து என் 1,200-ஆல் பெருக்கியிருக்கிறார்.

அப்புறம் போன் பேச்சை விட்டுவிட்டு, மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேட்டேன்: "1,200 என்பது எந்த அளவு?" எழுத்தில் பதில் வந்ததும் அதை விற்பவருக்கும் அனுப்பினேன். நான்கு நாளில் விலை இறங்கியது, கடனும் வந்தது. அப்பாடா!